கிராமுக்கு ஒரு கிரவுண்டு: நானோ செல்லுலோஸ் இழைக்கு வலு சேர்க்கிறதா?

தாம்பரம் மார்க்கெட்டில் பூக்கட்டும் பெண்களுக்குப் பக்கத்தில் ஒரு டப்பாவில் தண்ணீர் இருக்கும். அதில் வாழைநார் ஊறிக் கிடக்கும். காய்ந்த நாரில் முடிச்சுப் போட்டால் முறிந்துவிடும். ஊறிய நார் விரல் சொன்னபடி வளையும்; காயக் காய இறுகிப் பூவைப் பிடித்துக்கொள்ளும். பாலிமர் இழைகளுக்கு நானோ செல்லுலோஸ் வலு சேர்க்குமா என்று முப்பது ஆண்டுகளாக நடக்கும் ஆய்வின் பாதிச் சிக்கல் அந்த டப்பாவிலேயே இருக்கிறது. மீதிப் பாதி திசையில் இருக்கிறது. அதைப் பார்க்க வாழைநாரையும் தேங்காய்நாரையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்க வேண்டும். அதற்குப் பிறகு வருகிறேன்.

தாம்பரத்தில் உட்கார்ந்து இந்தக் கேள்வியைக் கேட்கக் காரணம் உண்டு. 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சிக்குள் அனகாபுத்தூர் அடங்கும். ஒரு காலத்தில் நைஜீரியாவுக்கு ஏற்றுமதியான ‘மெட்ராஸ் கைக்குட்டை’த் துணியை நெய்த ஊர் அது. அந்தச் சந்தை கைவிட்டுப் போனபின் தறிகள் குறைந்தன. தாக்குப்பிடித்தவர்களில் சிலர் வாழை, கற்றாழை, அன்னாசி என்று இயற்கை நார்களின் பக்கம் திரும்பினார்கள். 25 வகை நார்களால் ஒரே சேலையை நெய்து லிம்கா சாதனைப் புத்தகத்திலும் இடம்பிடித்தார்கள். அங்கிருந்து சில கிலோமீட்டரில் குரோம்பேட்டை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரி; அதில் ரப்பர், பிளாஸ்டிக் தொழில்நுட்பத்துக்கென்றே ஒரு துறை. வடக்கே கிண்டியில் 1968இல் தொடங்கிய சிபெட் என்ற பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனம். சுற்றிலும் ஆகாயத்தாமரையோடு வருடாவருடம் மல்லுக்கட்டும் ஏரிகள். நாரும் தறியும் பிளாஸ்டிக் படிப்பும் இவ்வளவு கிட்டத்தில் கூடியிருக்கும்போது, நாரையும் பிளாஸ்டிக்கையும் நானோ அளவில் சேர்த்துப் பார்க்கலாமே என்று யாருக்கும் தோன்றும். தோன்றுவது சுலபம். நூற்பதுதான் கஷ்டம்.

செல்லுலோஸ் என்பது குளுக்கோஸ் அலகுகள் வரிசையாகக் கோத்த நீண்ட சங்கிலி. 1838இல் பிரெஞ்சு வேதியியலாளர் அன்செல்ம் பாயென் தாவரங்களிலிருந்து அதைப் பிரித்துக் காட்டினார். செடியின் செல்சுவரில் இந்தச் சங்கிலிகள் தனித்தனியாக இருப்பதில்லை. பல சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டு, மூன்று நான்கு நானோமீட்டர் அகலமுள்ள நுண்ணிழையாகின்றன. அந்த நுண்ணிழையில் ஒழுங்காக அடுக்கப்பட்ட படிகப் பகுதி உண்டு, ஒழுங்கு குலைந்த பகுதியும் உண்டு. படிகத்துக்குள் தண்ணீர் நுழைவதில்லை. ஒழுங்கு குலைந்த இடத்திலும், நுண்ணிழைகளைச் சுற்றியுள்ள ஹெமிசெல்லுலோஸிலும் புகுந்து, சங்கிலிகளைப் பிடித்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளைத் தளர்த்திவிடுகிறது. பூக்காரம்மாவின் டப்பாவில் நடப்பது இதுதான்.

படிகம் மட்டும் தனியே எவ்வளவு விறைப்பு? நீள வாக்கில் இழுத்து எக்ஸ்கதிரால் அளந்த ஜப்பானியர்கள் 1960களிலேயே சொன்ன மதிப்பு சுமார் 138 கிகாபாஸ்கல். இரும்புக்கு 200. ஆனால் செல்லுலோஸின் அடர்த்தி 1.6, இரும்புக்கு 7.8. எடைக்கு எடை பார்த்தால் செல்லுலோஸ் படிகம் இரும்பைவிட மூன்று மடங்கு விறைப்பானது. இந்த ஒற்றை எண்தான் உலகெங்கும் ஆயிரக்கணக்கான ஆய்வுத்தாள்களின் முதல் பத்தியில் உட்கார்ந்திருக்கிறது. அது பொய்யில்லை. ஆனால் படிகத்தின் வலுவை இழையின் வலுவாக மாற்றும் வழியில் அந்த எண் எத்தனை சுங்கச்சாவடிகளைக் கடக்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் விஷயம்.

பிரித்தெடுக்கும் வழிகளை விரைவாகச் சொல்லிவிடலாம். 1949 வாக்கில் ஸ்வீடனில் பெங்க்ட் ரோன்பி கந்தக அமிலத்தால் ஒழுங்கற்ற பகுதிகளைக் கரைத்துப் படிகக் குச்சிகளைத் தனியாக்கினார். இன்றும் ஆய்வுக்கூடச் செய்முறை ஏறக்குறைய அதுதான்: 64 சதவீத அமிலம், 45 டிகிரி வெப்பம், ஒரு மணிநேரத்துக்கு உட்பட்ட காலம். கிடைப்பது நானோ படிகம். ஐந்து முதல் இருபது நானோமீட்டர் அகலம், நூறு முதல் முந்நூறு நானோமீட்டர் நீளம். இன்னொரு வழி, மரக்கூழை உயர் அழுத்தத்தில் குறுகிய இடைவெளி வழியே பாய்ச்சிப் பிய்ப்பது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் டர்பக் குழுவினர் வெளியிட்ட முறை. இதில் கிடைப்பது வளைந்து நெளியும் நீண்ட நானோ நாரிழை. பிய்ப்பதற்கு முன் டெம்போ என்ற வினையூக்கியால் மேற்பரப்பை ஆக்ஸிஜனேற்றம் செய்தால் வேலை வெகுவாகக் குறைகிறது என்று டோக்கியோ பல்கலைக்கழகத்தின் இசோகாய், சைட்டோ காட்டினார்கள். 2015இல் மார்கஸ் வாலன்பர்க் பரிசு அதற்குத்தான்.

இனி மேற்பரப்பு. பத்து நானோமீட்டர் அகலமுள்ள குச்சிகளாகப் பிரிந்த ஒரு கிராம் செல்லுலோஸின் மொத்த மேற்பரப்பைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 250 சதுர மீட்டர் வரும். சென்னைக்காரர் கணக்கில் ஒரு கிரவுண்டுக்குக் கொஞ்சம் மேலே. ஒரு சிட்டிகைப் பொடிக்கு ஒரு மனை! பாலிமர் இந்த மனை முழுவதையும் தொட்டுப் பிடித்துக்கொண்டால், இழுக்கும் விசை குச்சிக்குள் போய்ச் சேரும். தொடாவிட்டால் அந்தக் குச்சி வெறும் தூசி. இன்னொரு வினை: இவ்வளவு பரப்பும் ஹைட்ராக்ஸில் குழுக்கள் நிறைந்தது, குச்சிகளுக்குப் பாலிமரைவிட ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதில்தான் விருப்பம் அதிகம். தண்ணீரில் இருக்கும்வரை பிரிந்து நிற்கும், காயவைத்தால் கட்டிக்கொள்ளும். கட்டிக்கொண்டதை மறுபடி தண்ணீரில் போட்டாலும் முழுதாகப் பிரிவதில்லை. ஆறிக் காய்ந்த சோற்றுப்பருக்கை மாதிரி.

திசைக்கு வருவோம். வாழைநாரிலும் தேங்காய்நாரிலும் இருப்பது ஒரே செல்லுலோஸ்தான். வாழைநாரில் நுண்ணிழைகள் நாரின் அச்சுக்குப் பத்துப் பன்னிரண்டு டிகிரி சாய்வில், ஏறக்குறைய நேராக ஓடுகின்றன. தேங்காய்நாரில் அந்தச் சாய்வு முப்பதுக்கு மேல், நாற்பதைத் தாண்டியும் போகும். லிக்னினும் அதிகம், செல்லுலோஸ் குறைவு. விளைவு கையிலேயே தெரியும். வாழைநார் விறைப்பானது, இழுத்தால் இரண்டு மூன்று சதவீதம் நீண்டு அறும். தேங்காய்நார் சுருள்கம்பிபோல் பத்துப் பதினைந்து சதவீதத்துக்கும் மேல் நீளும். ஆனால் அதன் விறைப்பு குறைவு. கயிற்றுக்கும் கால்மிதிக்கும் தேங்காய், நெசவுக்கு வாழை என்று ஊர் பிரித்து வைத்திருப்பதற்குப் பின்னால் இந்தச் சாய்வும் இருக்கிறது.

சாய்வின் விலையை ஒரு சின்னக் கணக்கில் பார்க்கலாம். மூன்று கிகாபாஸ்கல் விறைப்புள்ள ஒரு பாலிமரில் கன அளவில் ஒரு சதவீதம் செல்லுலோஸ் படிகம் சேர்க்கிறோம். எல்லாக் குச்சிகளும் இழையின் அச்சில் நேராக நின்று, விசை ஒட்டுமொத்தமாகக் கடத்தப்பட்டால் விறைப்பு 4.35 ஆகும், 45 சதவீத உயர்வு. அதே குச்சிகள் எல்லாத் திக்கிலும் சிதறிக் கிடந்தால் பங்களிப்பு ஐந்தில் ஒன்றாகிவிடும். உயர்வு எட்டு சதவீதம். இது மூன்று கிகாபாஸ்கல் பாலிமருக்கு. நன்றாக நீட்டப்பட்ட பாலியெஸ்டர் இழைக்குத் தன்னளவிலேயே பத்துப் பன்னிரண்டு இருக்கும்; அதில் குச்சிகள் துல்லியமாக நேராக நின்றாலும் ஒரு சதவீதம் சேர்த்தால் கிடைப்பது பதினோரு, பன்னிரண்டு சதவீதம்தான். ஏற்கெனவே வலுவான இழைக்கு இப்படிச் சேர்க்கும் நிரப்பியால் வரும் லாபம் குறைவு என்பதைப் பல ஆய்வுத்தாள்கள் சொல்லாமல் தாண்டிவிடுகின்றன.

இந்தக் கணக்குக்கு இன்னொரு பயன் உண்டு. மூன்று கிகாபாஸ்கல் பாலிமரில் ஒரு சதவீதம் சேர்த்ததும் விறைப்பு இரட்டித்தது என்று ஒரு ஆய்வு சொன்னால், அந்த இரட்டிப்பு செல்லுலோஸின் கைங்கரியம் மட்டுமாக இருக்க முடியாது. எல்லையே 45 சதவீதம்தானே. அப்படியானால் பாலிமரிலேயே ஏதோ மாறியிருக்க வேண்டும். உண்மையில் மாறத்தான் செய்கிறது. நானோ படிகங்கள் பாலிமருக்கு விதைபோல நிற்கின்றன. பாலிலாக்டிக் அமிலம், பாலிவினைல் ஆல்கஹால், பாலிப்ரொப்பிலீன் ஆகியவற்றின் சங்கிலிகள் அந்த விதைகளைச் சுற்றி முன்கூட்டியே படிகமாகத் தொடங்கும். படிகங்கள் எண்ணிக்கையில் கூடும், அளவில் சிறுக்கும். கரைசலில் நூற்கும்போது பாகுநிலை கூடி, குளியலில் இழை உறையும் வேகம் மாறி, உள்ளே வெற்றிடங்கள் கூடலாம், குறையவும் செய்யலாம். மின்நூற்பிலோ, அமிலம் விட்டுச்சென்ற சல்பேட் மின்னூட்டத்தால் கரைசலின் கடத்துதிறன் ஏறி, இழை மெலிகிறது. மெலிந்த இழைக்குப் பெரும்பாலும் வலு கூடுதலாகவே தெரியும். நிரப்பி நேரடியாகத் தூக்கிய சுமை எவ்வளவு, பாலிமரைத் திருத்தியதால் வந்தது எவ்வளவு என்று பிரித்துக் காட்டாத ஆய்வை நான் பாதி ஆய்வாகவே எடுத்துக்கொள்வேன்.

பிரித்துக் காட்ட வழி இருக்கிறது. செல்லுலோஸின் ராமன் நிறமாலையில் 1095 என்ற அலைவெண்ணில் ஒரு சிகரம் உண்டு. இழையை இழுக்கும்போது விசை குச்சிக்குள் போனால் அந்தச் சிகரம் நகரும். போகாவிட்டால் நின்ற இடத்திலேயே நிற்கும். எக்ஸ்கதிர்ச் சிதறலில் குச்சிகளின் திசையொழுங்கை ஒன்றிலிருந்து பூஜ்யம்வரை மதிப்பிடலாம். இரண்டையும் சேர்த்துத் தரும் ஆய்வுகள் குறைவு. தரும் இடங்களில் கதை பெரும்பாலும் அடக்கமாகவே இருக்கிறது.

வலுவூட்டலின் கோட்பாட்டுக்கு ஊற்றுக்கண் 1995இல் கிரனோபிளில் ஃபாவியே, ஷான்ஸி, கவாயே செய்த வேலை. கடல்வாழ் உயிரியான டியூனிகேட்டிலிருந்து எடுத்த நீண்ட செல்லுலோஸ் குச்சிகளை லேடெக்ஸில் கலந்து தகடு வார்த்தார்கள். எதிர்பார்த்ததைவிட விறைப்பு பல மடங்கு ஏறியது. குச்சிகள் ஒன்றையொன்று தொட்டு உள்ளே ஒரு வலையாகக் கட்டிக்கொண்டதே காரணம். வலை கட்டத் தேவையான அளவு, தோராயமாக 0.7ஐக் குச்சியின் நீள அகல விகிதத்தால் வகுத்தால் வரும். விகிதம் 70 என்றால் ஒரு சதவீதம் போதும். 20 என்றால் மூன்றரை. அழகான கோட்பாடு, தகட்டுக்கு. இழைக்கு இதை அப்படியே தூக்கிக்கொண்டு வருவதில்தான் தவறு நடக்கிறது. இழையை நூற்றபின் பல மடங்கு நீட்டுகிறோம். நீட்டினால்தான் திசை கிடைக்கும். நீட்டினால் வலை அறும். வலையை அறவிடாமல் காத்தால் நீட்ட முடியாது. தகட்டில் நண்பனான வலை இழையில் முட்டுக்கட்டை. இழைக்குத் தேவை வலையல்ல, வரிசை.

அளவும் ஒரு பிரச்சினை. ஒன்றரை டெனியர் பாலியெஸ்டர் இழையின் விட்டம் பன்னிரண்டு மைக்ரான் அளவில் இருக்கும். நூறு மைக்ரான் தகட்டில் மூன்று மைக்ரான் கட்டி ஒன்று கிடந்தால் யாருக்கும் தெரியாது. பன்னிரண்டு மைக்ரான் இழையில் அது கால்வாசி அகலம். இழுக்கும்போது முதல் விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும். அதற்கு முன்பே நூற்புத் தலையின் வடிகட்டியை அடைத்து, அழுத்தம் ஏறி, இழை அறுந்துகொண்டே இருக்கும். இதனால்தான் இழை ஆய்வுகளில் வலிமை ஒன்று முதல் ஐந்து சதவீதத்துக்குள் எங்கோ உச்சம் தொட்டு இறங்கிவிடுவதை அடிக்கடி பார்க்கிறோம். விறைப்பு ஏறிக்கொண்டே போகலாம். அறுபடும் நீட்சி குறைந்துகொண்டே வரும். துணிக்கு நீட்சியும் வேண்டும் என்பதை விறைப்பில் மயங்கியவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

நூற்கும் முறைவாரியாகப் பார்த்தால் படம் தெளிவாகும். உருக்கி நூற்பதே மலிவானது, உலகின் செயற்கை இழையில் பெரும்பகுதி அப்படித்தான் வருகிறது. நானோ செல்லுலோஸுக்கு மிகவும் பகையான முறையும் அதுவே. பாலிப்ரொப்பிலீன் 165 டிகிரியில் உருகும், நைலான்-6 220இல், பாலியெஸ்டர் 255க்கு மேல். கந்தக அமிலத்தில் தயாரித்த நானோ படிகமோ 200ஐ நெருங்குவதற்குள்ளேயே பழுப்பேறிச் சிதையத் தொடங்கிவிடும். அதை நீரில் பிரித்து நிறுத்திய அதே சல்பேட் குழுக்கள்தான் இங்கே வெப்பத்திடம் காட்டிக்கொடுக்கின்றன. போதாததற்கு எக்ஸ்ட்ரூடருக்குள் போடக் காயவைக்க வேண்டும், காயவைத்தால் கட்டும். தண்ணீரை வெறுக்கும் பாலிப்ரொப்பிலீன் இந்தக் கட்டியைத் தொடவே தொடாது. மலெயிக் அன்ஹைட்ரைடு ஒட்டிய பாலிப்ரொப்பிலீனை இடையாளாக வைப்பது, அசிட்டைல் குழுவால் குச்சியின் முகத்தை மாற்றுவது, முதலில் செறிவான மாஸ்டர்பேட்ச் செய்துகொண்டு பிறகு கலப்பது என்று வழிகள் உண்டு. ஓரளவு பலிக்கின்றன. ஓரளவுதான்.

கரைத்து நூற்கும் முறைகளில் நிலைமை வேறு. பாலிவினைல் ஆல்கஹாலுக்குத் தண்ணீரே கரைப்பான். நானோ செல்லுலோஸைக் காயவைக்கவே வேண்டாம், முகமும் பொருந்தும். 2010இல் வெளியான ஒரு மின்நூற்பு ஆய்வில் 15 சதவீதம் நானோ படிகம் சேர்த்த பாலிவினைல் ஆல்கஹால் பாயின் விறைப்பு மூன்று மடங்கானது. ஜார்ஜியா டெக்கில் சதீஷ் குமாரின் குழு கார்பன் இழைக்கு மூலமான பாலிஅக்ரைலோநைட்ரைலை ஜெல்லாக நூற்று, பத்து சதவீதம்வரை நானோ படிகம் சேர்த்தும் நன்றாக நீட்ட முடிந்ததை 2015இல் காட்டியது. எல்லாவற்றையும் மிஞ்சியது ஸ்டாக்ஹோமில் 2018இல் நடந்தது: குறுகிய வாய்க்காலில் தண்ணீர் ஓட்டத்தாலேயே நானோ நாரிழைகளை வரிசைப்படுத்தி, வரிசை கலைவதற்குள் உறையவைத்து எடுத்த இழையின் விறைப்பு 86 கிகாபாஸ்கல், இழுவலிமை 1.57 கிகாபாஸ்கல். இதில் பாலிமர் நிரப்பியைத் தாங்கவில்லை, நிரப்பியே இழையாகிவிட்டது. தலைப்பைவிட்டு விலகிப் போகிறேன் என்று தோன்றலாம். ஆனால் இந்தத் துறையின் மிகப் பெரிய வெற்றி ‘நிரப்பி’ என்ற சொல்லை உதறியதில் வந்தது என்பது எனக்குச் சாதாரணமாகப் படவில்லை.

ஆனால் தண்ணீர் விடாது. பருத்தி நனைந்தால் வலுக்கூடும். விஸ்கோஸ் நனைந்தால் வலிமையில் ஏறக்குறையப் பாதியை இழக்கும். இரண்டும் செல்லுலோஸ், அடுக்கில்தான் வேறுபாடு. நானோ செல்லுலோஸ் வலையும் விஸ்கோஸைப்போலவே நடந்துகொள்கிறது. 2008இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வொன்று இந்தப் பலவீனத்தையே பலமாக்கிக்கொண்டது. தொட்டால் விறைத்துக்கொள்ளும் கடல் அட்டையின் தோலைப் பார்த்து, டியூனிகேட் செல்லுலோஸ் சேர்த்த ஒரு பொருளைச் செய்தார்கள். ஈரத்தில் அதன் விறைப்பு 800 மெகாபாஸ்கலிலிருந்து 20க்கு இறங்கும், காய்ந்தால் திரும்பும். அதை எழுதியவர்களில் கதிரவன் சண்முகநாதன் ஒருவர். மூளைக்குள் வைக்கும் மின்முனைக்கு இது வரப்பிரசாதம். நவம்பர் மழையில் காயாத துணிக்கு அப்படிச் சொல்ல முடியாது. கடலோர ஈரப்பதத்தில் ஒரு வாரம் வைத்தபின் எடுத்த அளவீடு இல்லாத ஆய்வு சென்னைக்குப் பயன்படாது.

நம் நாட்டு ஆய்வுகளைப் பற்றி ஒரு மனத்தாங்கல். வாழைநாரை நீராவி வெடிப்பு முறையில் நானோ இழையாக்கும் வேலையைக் கேரளத்து ஆய்வாளர்கள் 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில் நன்றாகவே செய்துவிட்டார்கள். மும்பையின் பருத்தித் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனம் நானோ செல்லுலோஸுக்கு முன்னோடி ஆலையே வைத்திருக்கிறது. அதற்குப் பிறகும் ஆகாயத்தாமரையிலிருந்து, பனைமட்டையிலிருந்து, சம்பங்கோரையிலிருந்து என்று புதுப்புதுச் செடிகளிலிருந்து பிரித்தெடுத்த ஆய்வுகள் வந்துகொண்டே இருக்கின்றன. லிக்னினையும் ஹெமிசெல்லுலோஸையும் கழற்றி, அமிலத்தில் வெட்டி எடுத்த குச்சிக்கு அது எந்த ஏரியில் முளைத்தது என்ற நினைவு அதிகம் இருப்பதில்லை. அகலமும் நீளமும் மேற்பரப்பு மின்னூட்டமும்தான் அதன் ஜாதகம். மூலப்பொருள் நமக்கு ஒருபோதும் தட்டுப்பாடில்லை. நூற்றுப் பார்த்த இழை, அதன் டெனியர், அறுபடும் வலிமை, ஈர வலிமை, நூறு மீட்டருக்கு எத்தனை முறை அறுந்தது என்ற கணக்கு: இவைதான் தட்டுப்பாடு.

செலவையும் தொட்டுவிட வேண்டும். இயந்திரத்தால் மட்டும் பிய்த்த ஆரம்ப நாட்களில் ஒரு டன் நானோ நாரிழைக்கு 25,000 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் செலவானது. முன்பதப்படுத்தலுக்குப் பின் அது பல மடங்கு குறைந்தது. அமில வழியில் கூழைப்போலப் பத்து மடங்குக்குக் குறையாத எடையில் அமிலக் கரைசல் வேண்டும். அதைக் கழுவி நடுநிலையாக்கிய நீர் எங்கே போகும்? குரோமியத்தால் தோல் பதனிட்ட ஆலையின் பெயரையே ஊர்ப்பெயராகச் சுமக்கும் குரோம்பேட்டைக்கு, பக்கத்தில் பல்லாவரத்துத் தோல் கழிவுநீரைப் பார்த்த வட்டாரத்துக்கு, இந்தக் கேள்வியை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வெளிநாட்டு ஆலைகளில் கனடாவின் செல்லுஃபோர்ஸ் 2012இல் நாளொன்றுக்கு ஒரு டன் என்று தொடங்கியது. ஜப்பானின் நிப்பான் பேப்பர் 2017இல் இஷினோமாகியில் ஆண்டுக்கு 500 டன் ஆலை திறந்தது. சந்தைக்கு வந்த பண்டங்களில் பேர்போனது 2018இல் வந்த அசிக்ஸ் ஓட்டக் காலணி. செல்லுலோஸ் அதன் நடு அடுக்கு நுரையில் இருந்தது, தையல் நூலில் அல்ல.

அப்படியானால் அனகாபுத்தூர் தறிக்கு இதில் ஒன்றுமில்லையா? இருக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் இழைக்குள்ளே அல்ல, நூலுக்கு மேலே. வாழைநார் பெரும்பாலும் ஊடையாகத்தான் போகிறது. பாவில் ஓட்டினால் முடிச்சும் பிசிறும் அறுந்து தொல்லை தரும். பாவுக்குக் கஞ்சி போடுவது நமக்குப் பழக்கமான வேலை. கஞ்சியின் மாவுச்சத்தும் செல்லுலோஸும் ஒரே குளுக்கோஸ் குடும்பம், ஒட்டாமல் போக வழியில்லை. கரைப்பான் தண்ணீர், காயவைத்துப் பொடியாக்க வேண்டாம், 200 டிகிரியைத் தாண்ட வேண்டாம், அமிலமும் தேவையில்லை, இயந்திரத்தில் பிய்த்த நானோ நாரிழையே போதும். தெருவில் பாவை நீட்டி, கஞ்சி தோய்த்து, தூரிகையால் ஒரே திசையில் நீவி, இழுவையிலேயே காயவிடும் பழைய முறையில், ஸ்டாக்ஹோம் வாய்க்கால் செய்யும் வேலையில் ஒரு பங்கு தானாகவே நடக்கும். நெய்து முடித்ததும் கஞ்சியைக் கழுவிவிடுவதால் ஈரத்தில் வலு போகும் கவலையும் இல்லை. ஒரு சங்கடம் உண்டு. நூறில் ஒரு பங்கு நானோ நாரிழை சேர்த்தாலே தண்ணீர் தயிராகக் கட்டிக்கொள்ளும். கலக்கினால் இளகும், நிறுத்தினால் இறுகும். எவ்வளவு சேர்த்தால் தூரிகை ஓடும், எவ்வளவில் நூல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்று பார்க்க நான்கு வாளியும் ஒரு பாவும் போதும். தறியில் ஒரு நாளைக்கு எத்தனை பாவிழை அறுகிறது என்று எண்ணினால் விடை தெரிந்துவிடும்.